உங்கள் அறவாரியத்துப் பணம் எங்கே போக வேண்டும்?

கோலாலம்பூரில் அறவாரியம் நடத்துகிறவர்களிடம் பசுமை எரிசக்தி என்று வாயெடுத்தாலே பேச்சு கூரைக்குப் போய்விடுகிறது. நாலு சோலார் தகடு, திறப்பு விழா, பொன்னாடை, படம். அதை விடுங்கள், சோலார் தகடு எப்போதோ ஜெயித்துவிட்டது.

அமைச்சின் பணம் கணக்காய்வுக்குப் போகும், சோதனை சொதப்பினால் அதிகாரிதான் பதில் சொல்ல வேண்டும், அதனால் சொதப்பாத வேலைக்குத்தான் அங்கே கையெழுத்து சுலபமாக விழும். சொதப்பக்கூடிய வேலைக்கு உங்கள் வெள்ளியைக் கொடுங்கள்.

நம் கல்யாண மண்டபத்தையே பாருங்கள். மத்தியானம் கூரை கொதிக்கிறது, உள்ளே ஆளில்லை. ராத்திரி ஏழரைக்கு விருந்து தொடங்கி எல்லா ஏர்கோனும் ஓடும்போது தகட்டில் ஒரு துளி மின்சாரம் வராது. நாட்டுக்கும் இதே தலைவலிதான்: 2023இல் வந்த எரிசக்தி மாற்றத் திட்டம் 2050க்குள் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது, அதில் பெரும்பங்கு சோலார். சரி, பழைய மின்கார் பேட்டரிகளை அடுக்கி மத்தியான மின்சாரத்தைப் பிடித்து வைத்தால் கட்டுப்படியாகுமா, நம் ஊர்ப் புழுக்கத்தில் எத்தனை வருஷம் தாங்கும்? இந்த மாதிரிக் கேள்விக்குப் பணம் போடுங்கள்.

போடுவதற்கு முன்னால் புதுப்பிக்கத்தக்க எரிசக்தியைக் கவனிக்கும் அரசு அமைப்பான செடாவிலோ எரிசக்தி ஆணையத்திலோ கோப்பைக் கையில் வைத்திருக்கும் அதிகாரியைப் பாருங்கள் (அமைச்சரோடு படம் பிறகு எடுத்துக்கொள்ளலாம்). விதியை மாற்ற அவருக்கு என்ன கணக்கு வேண்டும் என்று கேட்டு, அதையே எடுங்கள்: ஒரு மண்டபம், ஒரு முழு வருஷம், 15 நிமிடத்துக்கு ஒருமுறை மீட்டர் அளவு, பேட்டரிச் சூடு. அதைப் படித்து எழுத ஒரு பொறியாளருக்குச் சம்பளம் ஒதுக்குங்கள், நன்கொடையாளர்கள் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. தோற்றால் அதையும் வெளியிடுங்கள். பேட்டரி விற்பவரைத் தேர்வுக் குழுவில் உட்காரவைக்காதீர்கள்.

அமெரிக்காவில் இதற்காகவே 2022இல் சட்டம் போட்டு, எரிசக்தித் துறைக்குப் பக்கபலமாக லாப நோக்கில்லாத அறவாரியம் ஒன்றை அமைத்தார்கள். நமக்கு அவ்வளவு பெரிதாக வேண்டாம். வருமான வரிச் சட்டம் 44(6)இன் கீழ் அங்கீகாரம் வாங்கினால் நன்கொடை தருகிறவர்களுக்கு வரிக்கழிவு உண்டு, அதுவே நல்ல தொடக்கம்.

அப்புறம், பேட்டரியை மண்டபத்துக்குள் வைக்காதீர்கள், தனிக் கொட்டகை போடுவதற்கு முன் பொம்பாவிடம் (தீயணைப்புத் துறை) கேளுங்கள். ஆயுள் முடிந்ததும் அதை யார் எடுத்துப் போவது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். லித்தியம் பேட்டரியைச் சாதாரணக் குப்பையில் போட முடியாது, எழுதாவிட்டால் ஸ்டோரில் பிளாஸ்டிக் நாற்காலிகளுக்குப் பின்னால்தான் கிடக்கும்.