கையில் அட்டை இருக்கிறது, பட்டியலில் பெயர் இருக்கிறதா? வாக்காளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாக்குச்சாவடிக்குள் நுழைந்ததும் முதல் மேசையில் இருப்பவர் உங்கள் அடையாள ஆவணத்தை வாங்கிப் பார்ப்பார். பிறகு பட்டியலில் உள்ள வரிசை எண்ணையும் பெயரையும் கட்சி முகவர்களின் காதில் விழும்படி உரக்கப் படிப்பார். பள்ளி ஆசிரியர் என்ற முறையில் அந்த மேசையில் சில தேர்தல்களில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு முறை ஒரு பாட்டி பிளாஸ்டிக் உறையில் பத்திரமாகச் சுற்றி வைத்திருந்த அட்டையை நீட்டினார். அசல் அட்டை, படமும் அவருடையதுதான். ஆனால் பட்டியலில் அவர் பெயருக்கு மேல் 'நீக்கப்பட்டது' என்று அச்சாகியிருந்தது. "இத்தன வருசமா இங்கதானேப்பா ஓட்டுப் போடறேன்" என்றார். அன்றைக்கு அவருக்காக என்னாலும் எதுவும் செய்ய முடியவில்லை, தலைமை அலுவலராலும் முடியவில்லை. வெயிலில் நடந்து வந்தவரைத் திருப்பி அனுப்பியது இன்னும் என் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நான் பார்த்தவற்றில் மிகப் பெரிய தவறு இதுதான்: அட்டை இருந்தால் ஓட்டு இருக்கிறது என்று நம்புவது. டி.என். சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தபோது, 1993-இல், புகைப்பட அடையாள அட்டை வந்தது. கள்ள ஓட்டைத் தடுக்க வந்த அந்த அட்டை, நீங்கள் யார் என்பதை மட்டுமே காட்டும். ஓட்டுரிமையைத் தருவது வாக்காளர் பட்டியல். 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 62-ஆவது பிரிவில், ஒரு தொகுதியின் பட்டியலில் பெயர் இல்லாதவர் அந்தத் தொகுதியில் வாக்களிக்க முடியாது என்று சொல்கிறது.

தமிழ்நாட்டில் 2025 நவம்பர் 4-ஆம் தேதி தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் (எஸ்.ஐ.ஆர்.) பிறகு இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவே முடியாது. டிசம்பர் 19-ஆம் தேதி வந்த வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இரண்டு இடங்களில் பதிவானவர்கள் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. அட்டை யாருடைய வீட்டிலிருந்தும் பறிக்கப்படவில்லை. அது பீரோவில் அப்படியேதான் இருக்கும். அதனால்தான் பலருக்குப் பெயர் போனதே தெரிவதில்லை.

தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்தில் அட்டை எண்ணைப் போட்டுப் பாருங்கள். இணையம் பழக்கமில்லாதவர்கள் 1950 என்ற எண்ணை அழைக்கலாம், அல்லது தங்கள் பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் (பி.எல்.ஓ. என்றால் ஊரில் எல்லாருக்கும் தெரியும்) கேட்கலாம். பாகம் எண், வரிசை எண் இரண்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். வேட்புமனு தாக்கலுக்கான கடைசி நாளோடு பட்டியல் மூடப்பட்டுவிடும். அதன் பிறகு கலெக்டரே நினைத்தாலும் ஒரு பெயரைச் சேர்க்க முடியாது. விண்ணப்பத்தின் மீது ஆட்சேபம் கேட்கவும் சில நாட்கள் தேவைப்படும் என்பதால், உண்மையான கெடு அதற்கும் முன்பே முடிந்துவிடுகிறது.

வீடு மாறினால் படிவம் 8

வீடு மாறியவர்களும், திருமணமாகிப் புகுந்த வீட்டுக்குப் போன பெண்களும் புதிய முகவரியில் படிவம் 6 கொடுத்துவிடுகிறார்கள். படிவம் 6 முதல் முறையாகப் பெயர் சேர்ப்பவர்களுக்கானது. வேறு எந்தத் தொகுதிப் பட்டியலிலும் என் பெயர் இல்லை என்று அதில் உறுதிமொழி தருகிறோம். பிறந்த வீட்டுப் பட்டியலில் பெயர் இருக்கும்போது அதில் கையெழுத்திட்டால் அது பொய்யான உறுதிமொழி ஆகிறது. 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 31-ஆவது பிரிவின்படி இதற்கு ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். 2022 ஆகஸ்ட் முதல் தொகுதிக்குள் மாறினாலும், தொகுதி விட்டுத் தொகுதி போனாலும், பெயரில் பிழை இருந்தாலும், அட்டை தொலைந்தாலும் படிவம் 8 போதும். பெயரை நீக்க, அல்லது ஒரு பெயருக்கு ஆட்சேபம் தெரிவிக்க, படிவம் 7.

பிள்ளைகளுக்கு 18 நிறைய வேண்டும், அதுவும் ஜனவரி 1-க்குள் என்ற பழைய கணக்கிலேயே பல பெற்றோர் இருக்கிறார்கள். இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகள் நான்கும் தகுதி நாட்கள். 17 வயது கடந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம்.

சாவடிக்கு எதைக் கொண்டு போவது?

பெயர் பட்டியலில் இருந்து, அட்டை மட்டும் காணாமல் போயிருந்தால் வீட்டிலேயே உட்கார்ந்துவிட வேண்டாம். 2024 மக்களவைத் தேர்தலில் ஆணையம் 12 மாற்று ஆவணங்களை அனுமதித்தது. ஆதார், ஓட்டுநர் உரிமம், பான் அட்டை, பாஸ்போர்ட், நூறு நாள் வேலை அட்டை, புகைப்படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக், புகைப்படத்துடன் கூடிய ஓய்வூதிய ஆவணம், மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை ஆகியவை அதில் உண்டு. அரசு, பொதுத்துறை ஊழியர்களின் பணி அடையாள அட்டையும் செல்லும்.

ரேஷன் கார்டு அந்தப் பட்டியலில் இல்லை. நம் ஊரில் எல்லாக் காரியத்துக்கும் ஸ்மார்ட் கார்டையே எடுத்துக்கொண்டு போய்ப் பழகிவிட்டதால், வரிசையில் ஒரு மணி நேரம் நின்று மேசைக்கு வந்த பிறகு வீட்டுக்குத் திரும்பி ஓடியவர்களைப் பார்த்திருக்கிறேன். கல்லூரி அடையாள அட்டையும் அதில் இல்லை.

பூத் ஸ்லிப் விஷயத்தில் இரண்டு விதமான தவறும் நடக்கிறது. ஸ்லிப் வரவில்லை, அதனால் ஓட்டு இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். ஸ்லிப் வெறும் வழிகாட்டிச் சீட்டு, அது இல்லாமலும் வாக்களிக்கலாம். வேறு சிலர் ஸ்லிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். ஒரு காலத்தில் புகைப்படம் போட்ட ஸ்லிப்பே அடையாளமாகச் செல்லுபடியானது. 2019 மக்களவைத் தேர்தலிலிருந்து அது கிடையாது.

கைபேசியில் ஆதார் படம் இருக்கிறதே என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாக்குச்சாவடிக்குள் கைபேசிக்கு அனுமதியில்லை. மின்னணு அட்டையைப் பதிவிறக்கியவர்கள் அச்செடுத்து வாருங்கள்.

அட்டையில் 'முருகேசன்', பட்டியலில் 'முருகேஷன்' என்றிருந்தால் பயப்பட வேண்டாம். ஆள் அவர்தான் என்று தெரிந்தால் சிறு எழுத்துப் பிழைகளைப் பொருட்படுத்தக் கூடாது என்பதே அலுவலர்களுக்கான அறிவுறுத்தல். படம் பொருந்தாவிட்டால் மாற்று ஆவணம் கேட்பார்கள். வெளிநாடு வாழ் இந்திய வாக்காளராகப் பதிவு செய்தவர்களுக்கு மட்டும் அசல் பாஸ்போர்ட் தவிர வேறு வழியில்லை.

உங்கள் ஓட்டை வேறொருவர் போட்டிருந்தால்

இந்த இடத்தில்தான் வாக்காளர்கள் சட்டென்று மனம் உடைந்து திரும்பிவிடுகிறார்கள். போகாதீர்கள். தலைமை அலுவலரிடம் சென்று 1961-ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளில் உள்ள 49P விதியைச் சொல்லுங்கள், 'டெண்டர் ஓட்டு' என்றாலும் புரியும். அவர் கேட்கும் கேள்விகளுக்கு நீங்கள் நீங்கள்தான் என்று தெரியும்படி பதில் சொன்னால் ஒரு வாக்குச்சீட்டு தருவார். 17B படிவத்தில் கையெழுத்திட்டு, சீட்டில் முத்திரை குத்தி அவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். அதைத் தனி உறையில் வைப்பார். இயந்திரத்தில் ஓட்டுப் போட அனுமதி கிடைக்காது.

அந்தச் சீட்டு வாக்கு எண்ணும் நாளில் எண்ணப்படாது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிறகு எதற்கு? 2008-இல் ராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளர் சி.பி. ஜோஷி ஒரே ஒரு ஓட்டில் தோற்றார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, அங்கே வாதமே இந்த டெண்டர் ஓட்டுகளைப் பற்றித்தான். நம் ராதாபுரத்தில் 2016-இல் வித்தியாசம் 49 ஓட்டு. 2021-இல் தியாகராய நகரில் 137. இத்தனை நெருக்கமான முடிவுகளில் உறைக்குள் கிடக்கும் ஒரு சீட்டு நீதிமன்றத்தில் பேசும். முடிவு வந்த 45 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போட வேண்டும். வேட்பாளர் மட்டுமல்ல, அந்தத் தொகுதியின் வாக்காளரும் போடலாம்.

வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்குள் வரிசையில் நின்றுவிட்டால், எத்தனை மணி ஆனாலும் டோக்கன் கொடுத்து வாக்களிக்க விட வேண்டும். கதவு சாத்தியாகிவிட்டது என்று யாராவது சொன்னால் நகராதீர்கள்.

யாரிடம் கேட்பது என்பதில் வரும் குழப்பம்

சட்டமன்றத் தேர்தலை மாநில அரசு நடத்துகிறது என்று படித்தவர்களே சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அரசியலமைப்பின் 324-ஆவது பிரிவின்படி மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் பொறுப்பு இந்தியத் தேர்தல் ஆணையம். மாநிலத்தில் அதன் பிரதிநிதி தலைமைத் தேர்தல் அதிகாரி, மாவட்டத்தில் கலெக்டர், சென்னையில் மாநகராட்சி ஆணையர். தேர்தல் காலத்தில் இந்த அதிகாரிகளும் காவல் துறையினரும் சட்டப்படி ஆணையத்தின் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள். அந்த அதிகாரத்தின் எடையை நாமே பார்த்திருக்கிறோம். பணப் பட்டுவாடாவுக்காக 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-இல் ஆர்.கே. நகர், 2019-இல் வேலூர் மக்களவைத் தொகுதி எனத் தேர்தல்கள் நின்றுபோயின. ஆகவே பணம் கொடுப்பதைக் கண்டால் உள்ளூர்க் கட்சிக்காரரிடம் முறையிட்டுப் பயனில்லை. ஆணையத்தின் சி-விஜில் செயலியில் அங்கேயே படமெடுத்து அனுப்புங்கள். ஏற்கெனவே எடுத்து வைத்த படத்தை அது ஏற்காது.

பெயர் சேர்க்க மறுத்தாலும், தவறாக நீக்கினாலும், பி.எல்.ஓ.விடம் சண்டை போடுவதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். முடிவெடுப்பவர் வாக்காளர் பதிவு அலுவலர். அவருடைய உத்தரவை எதிர்த்து 15 நாட்களுக்குள் கலெக்டரிடமும், அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் 30 நாட்களுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் மேல்முறையீடு செய்யலாம். எழுத்தில் உத்தரவைக் கேட்டு வாங்குங்கள், நாள் கணக்கு அதிலிருந்துதான் தொடங்கும்.

ஊராட்சி, நகராட்சி, மாநகராட்சித் தேர்தல்களுக்கு இவர்கள் யாரும் பொறுப்பில்லை. அதற்கு 243கே பிரிவின்படி அமைந்த தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம் தனியாக இருக்கிறது. வார்டு வாரியான பட்டியலை அது சட்டமன்றப் பட்டியலை வைத்தே தயாரிக்கிறது. எனவே சட்டமன்றப் பட்டியலில் பெயர் விடுபட்டவருக்கு உள்ளாட்சித் தேர்தலிலும் ஓட்டு இருக்காது. வார்டு மாறிப் பதிவாகியிருந்தால் புகார் மட்டும் இங்கே, மாநில ஆணையத்தின் கீழ் வேலை செய்யும் உள்ளாட்சி அலுவலரிடம் போக வேண்டும்.