பிழைதிருத்தக் கொடுத்தேன், பேச்சையே மாற்றிவிட்டது

என் நாவலின் மின்னூலைப் பிழைதிருத்த ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கொடுத்தேன். ஒற்றுப்பிழைகளோடு கொங்குப் பாட்டியின் பேச்சையும் திருத்திவிட்டது. “என்ர பேரனுங்க” என்பது “என்னுடைய பேரன்” ஆகியிருந்தது. கொதித்துப்போனேன், அந்தக் குரல்தானே நாவல்!

இப்போது அத்தியாயம் அத்தியாயமாகக் கொடுக்கிறேன். “எதையும் மாற்றாதே, உரையாடலைத் தொடாதே, சந்திப்பிழைகளை மட்டும் பட்டியலிடு” என்பதே கட்டளை. மூலக்கோப்பில் திருத்துவது நான்தான். பட்டியலையும் நம்பிவிட முடியாது. ஒற்று மிகாத வினைத்தொகையான சுடுசோற்றுக்கும் ‘ச்’ போடச் சொல்கிறது.

அமேசானின் கிண்டில் மின்னூல் தளத்தில் வெளியிடுவோருக்கு ஒன்று: செயற்கை நுண்ணறிவு எழுதிய பகுதி உண்டா என்று 2023 செப்டம்பர் முதல் கேட்கிறார்கள். பிழைதிருத்த உதவி மட்டுமென்றால் தெரிவிக்கத் தேவையில்லை. அது எழுதித்தந்த பகுதியை எவ்வளவு செப்பனிட்டாலும் தெரிவித்தாக வேண்டும். ஆகவே, செயலி மாற்றியெழுதிய கோப்பை அழித்துவிட்டேன்.