சிங்கப்பூரில் வாகன இரைச்சல் இல்லாத சைக்கிள் பயணம்: தடமும் நேரமும்

சிங்கப்பூரின் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். காடும் கிராமமும் தேடிச் சைக்கிளில் போக இங்கே இடம் ஏது என்று கேட்பவர்கள் தூரத்தைக் கணக்கில் வைத்துக் கேட்கிறார்கள். இந்தத் தீவில் அமைதியைத் தூரத்தால் தேட முடியாது, நேரத்தால்தான் தேட முடியும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தேக்கா சந்தை போல் நெரியும் அதே தடத்தில், புதன்கிழமை காலை ஏழு மணிக்குக் காட்டுக்கோழியின் கூவலைத் தவிர வேறொன்றும் கேட்காது. ஆகவே பயணத்தைத் திட்டமிடும்போது வரைபடத்தை விரிப்பதற்கு முன் கடிகாரத்தைப் பார்ப்பது நல்லது.

நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால் இங்கே ஆண்டு முழுவதும் காலை ஏழு மணியை ஒட்டியே விடிகிறது, மாலை ஏழு மணியை ஒட்டியே இருட்டுகிறது. விடிந்த பிறகு வெயில் ஏறுவதற்குள் கிடைக்கும் மூன்று மணி நேரமே நமக்கான நேரம். பத்து மணிக்கு மேல் புழுக்கம் ஆளை வாட்டிவிடும், பிற்பகலில் இடி மின்னலுக்கு வாய்ப்பு அதிகம். வாரநாளில் ஓய்வுநாள் கிடைக்கும் ஷிப்டு வேலைக்காரர்களும், பணி ஓய்வு பெற்றவர்களும் இந்த வகையில் கொடுத்துவைத்தவர்கள். வார இறுதியில் மட்டுமே முடியும் என்பவர்கள் ஏழு மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்புவதாக இல்லாமல், ஏழு மணிக்குத் தடத்தில் இருப்பதாகத் திட்டமிட வேண்டும். ஜூன் மாதத்திலும் ஆண்டிறுதியிலும் வரும் பள்ளி விடுமுறை வாரங்களில் இந்தக் கணக்கும் உதவாது.

முதன்முறை போகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது, பேச்சு வழக்கில் எல்லாரும் ரயில் காரிடார் என்று சொல்லும் பழைய ரயில் தடம். மலேசியாவின் மலாயா ரயில் ஓடிய இந்தப் பாதையில் 2011 ஜூன் 30ஆம் தேதி கடைசி ரயில் சென்றது. மறுநாள் நிலம் சிங்கப்பூரிடம் வந்தது, பின்னர் தண்டவாளங்கள் அகற்றப்பட்டன. தெற்கே தஞ்சோங் பகாரிலிருந்து வடக்கே உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டருக்கு நீளும் பசுமை வழியாக அது இன்று இருக்கிறது. ரயில் செங்குத்தான மேட்டில் ஏறாது என்பதால் பாதை முழுவதும் ஏறக்குறைய மட்டமாகவே போடப்பட்டிருக்கிறது. சைக்கிளோட்டிக்கு அன்றைய பொறியாளர்கள் விட்டுப்போன பரிசு அது. முழங்கால் வலி உள்ளவர்களும், பல ஆண்டுகளுக்குப் பிறகு சைக்கிளில் ஏறுபவர்களும் மூச்சு வாங்காமல் ஓட்டலாம்.

இந்தத் தடம் நம்மவர்களுக்கு அயலானதும் அல்ல. குவீன்ஸ்டவுன் வட்டாரத்தில் இன்று காமன்வெல்த் டிரைவில் இருக்கும் ஸ்ரீ முனீஸ்வரன் கோயில், தண்டவாளத்தை ஒட்டி ரயில்வே தொழிலாளர்கள் எழுப்பிய சிறு வழிபாட்டிடமாகத் தொடங்கியதுதான். தெற்குப் பகுதியில் ஓட்டும்போது இதை நினைவில் வைத்துக்கொண்டால் வழியெங்கும் வேறு கண்ணோடு பார்க்கத் தோன்றும்.

24 கிலோமீட்டரையும் ஒரே காலையில் முடித்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம். புவன விஸ்தா அருகே ஏறி, கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டி நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள பழைய புக்கிட் தீமா ரயில் நிலையத்தில் இளைப்பாறி, ஹில்வியூ வரை போவது முதல் பயணத்துக்குப் போதும். புதுப்பிக்கப்பட்டு 2022இல் மீண்டும் திறக்கப்பட்ட அந்தச் சிறிய செங்கல் நிலையத்தைச் சுற்றி மரநிழல் இருக்கிறது, உட்கார இடம் இருக்கிறது. வழியில் வரும் இரண்டு இரும்புப் பாலங்களிலும் படம் எடுக்க ஆட்கள் நின்றுகொண்டே இருப்பார்கள் என்பதால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே மரியாதை. ஹில்வியூவுக்கு வடக்கே ஆள் நடமாட்டம் குறைவு, எனக்குப் பிடித்ததும் அந்தப் பகுதிதான். ஆனால் தடத்தில் அவ்வப்போது பணிகள் நடந்து மாற்றுப்பாதை விடப்படுவதுண்டு. கிளம்புவதற்கு முந்தைய நாள் தேசியப் பூங்காக் கழகத்தின் இணையப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தடத்தின் தரை பெரும்பாலும் இறுக்கப்பட்ட மண்ணும் சரளையும்தான். மழை பெய்த மறுநாள் தாழ்வான இடங்களில் சேறு இருக்கும், காட்டுப் பகுதிகளில் விளக்கும் இல்லை. பந்தயச் சைக்கிளின் 25 மில்லிமீட்டர் டயர் இங்கே சரிப்படாது. 35 முதல் 45 மில்லிமீட்டர் வரை அகலமுள்ள டயரில், காற்றைச் சற்றே குறைத்து ஓட்டினால் கை நடுங்காது, சரளையிலும் பிடிமானம் கிடைக்கும். இதற்காகப் புதிய சைக்கிள் வாங்க வேண்டியதில்லை. பேட்டைக் கடையில் வாங்கிய சாதாரண மலைச் சைக்கிளோ மடிப்புச் சைக்கிளோ போதுமானது, பிரேக் மட்டும் முன்னும் பின்னும் ஒழுங்காகப் பிடிக்க வேண்டும்.

அடுத்தது உபின் தீவு. உண்மையான கிராமப்புறச் சாலை வேண்டுமென்றால் சிங்கப்பூரில் அது இங்கேதான் இருக்கிறது. தீவுவாசிகளின் சில வேன்களைத் தவிர வாகனம் கிடையாது. சாங்கி பாயிண்ட் படகுத்துறையில் பம்போட் படகில் ஏற வேண்டும். பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும் என்பதுதான் அங்கே கால அட்டவணை. வாரநாள் காலையில் ஆள் சேரக் காத்திருக்க நேரிடலாம். அவசரமென்றால் மீதி இருக்கைகளுக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போகலாம். சொந்தச் சைக்கிளைக் கூடுதல் கட்டணத்துக்கு ஏற்றிக்கொள்வார்கள். நோட்டும் சில்லறையுமாகக் கையில் வைத்திருங்கள். இறங்கியதும் மாலையில் கடைசிப் படகு எப்போது என்று படகுக்காரரிடம் கேட்டுவைப்பது, திரும்பி வரும்போது பதறாமல் இருக்க உதவும்.

சைக்கிளை அங்கேயே வாடகைக்கு எடுப்பவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க வேண்டும். நான் ஒருமுறை பேச்சு சுவாரசியத்தில் அப்படியே எடுத்துக்கொண்டு போய், செக் ஜாவா சதுப்புநிலத்துக்குப் போகும் வழியிலுள்ள இறக்கத்தில் பின் பிரேக் பிடிக்காமல் புதரில் ஒதுங்கினேன். முழங்கை சிராய்ப்போடு தப்பியது அதிர்ஷ்டம். உபின் பார்வைக்குச் சாதுவான தீவு. ஆனால் அதன் சாலைகளில் குட்டையான, செங்குத்தான இறக்கங்கள் உண்டு. இறங்கித் தள்ளிச் செல்லுமாறு பலகை வைத்திருக்கும் இடங்களில் அதை மதியுங்கள். இருக்கையின் உயரம், இரண்டு பிரேக்குகள், டயரின் காற்று, கியர் மாறுகிறதா என்பதெல்லாம் ஐந்து நிமிடத்தில் பார்க்கக்கூடியவை. பழுதானால் கூப்பிடக் கடையின் தொலைபேசி எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

படகுத்துறைக் கிராமத்திலிருந்து செக் ஜாவா ஏறத்தாழ 3 கிலோமீட்டர். சதுப்புநிலத்தின் உள்ளே சைக்கிளுக்கு அனுமதி இல்லை. வாசலில் நிறுத்திப் பூட்டிவிட்டு மரப்பாலத்தில் நடக்க வேண்டும். நீரிறக்க நேரத்தில் போனால்தான் கடலடித் தரை வெளிப்பட்டு நண்டும் சிப்பியும் தெரியும். ஆகவே அன்றைய நீரேற்ற, நீரிறக்க நேரங்களைப் பார்த்துப் பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள். 2001இல் இந்த இடத்தைக் கடல்நிரப்பு வேலைக்குக் கொடுப்பதாக இருந்து, பொதுமக்களும் இயற்கை ஆர்வலர்களும் குரல் கொடுத்த பிறகு அவ்வேலை ஒத்திவைக்கப்பட்டது என்பதை அங்கே நிற்கும்போது நினைக்காமல் இருக்க முடியாது. மேற்குப் பக்கத்தில், கருங்கல் வெட்டி எடுத்து விடப்பட்ட பள்ளங்கள் நீர் நிரம்பி ஏரிகளாகக் கிடக்கின்றன. கெத்தாம் மலைச் சைக்கிள் பூங்காவும் அந்தப் பக்கம்தான். புதியவர்கள் அதன் கடினத் தடங்களில் இறங்க வேண்டாம். டுரியான் பருவத்தில் மரத்தடியில் இளைப்பாறவும் வேண்டாம். தலைக்கவசம் அதற்கும் சேர்த்துச் செய்யப்பட்டதல்ல.

உபினில் காட்டுப்பன்றிகளும் குரங்குகளும் உங்களைவிட உங்கள் பையில்தான் அக்கறை காட்டும். பிளாஸ்டிக் பை சலசலத்தால் உணவு என்று குரங்குக்குத் தெரியும், ஆகவே இட்லியோ ரொட்டியோ எதுவானாலும் சைக்கிள் கூடையில் திறந்தபடி வைக்காமல் முதுகுப் பைக்குள் வைத்து மூடிவிடுங்கள். வனவிலங்குக்கு உணவளிப்பது சட்டப்படி குற்றம். பன்றி குறுக்கே வந்தால் நின்று, அது போன பிறகு கிளம்ப வேண்டும். குட்டிகளோடு வந்தால் இன்னும் தள்ளி நிற்க வேண்டும்.

கிராமப்புறம் என்றதும் பலரும் கிராஞ்சி, லிம் சூ காங் பண்ணைச் சாலைகளைச் சொல்வார்கள். இங்கே எனக்கு ஒரு தயக்கம் உண்டு. வரைபடத்தில் பச்சையாக இருந்தாலும் இவை பொதுச்சாலைகள். பண்ணை லாரிகளும் ராணுவ வண்டிகளும் ஓடுபவை, பல இடங்களில் ஒதுங்க ஓரமே இல்லை. லிம் சூ காங் சாலையின் நேரான பகுதி, விமானப்படைப் பயிற்சியின்போது ஓடுபாதையாகவே மாற்றப்படும் அளவுக்கு அகலமும் நீளமும் கொண்டது. அப்படிப்பட்ட சாலையில் வண்டிகள் எப்படிப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. சாலையில் ஓட்டிப் பழகியவர்கள் ஞாயிறு விடிகாலையில் போகலாம், குழந்தைகளோடு வேண்டாம். சாலையில் ஓட்டும்போது தலைக்கவசம் கட்டாயம். இருட்டில் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் எரிய வேண்டும். ஒருவர் பின் ஒருவராகப் போகும் குழுவில் ஐந்து பேருக்கு மேல் இருக்கக்கூடாது. சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகம் அருகிலேயே இருந்தாலும் உள்ளே சைக்கிளுக்கு இடமில்லை.

குழந்தைகளோடு போக வடகிழக்கே பொங்கோல்தான் சரி. பொங்கோல் நீர்வழியிலிருந்து கோனி தீவுக்குள் நுழைந்து, சவுக்கு மரங்களுக்கு இடையே ஓடும் மண்பாதையில் மெதுவாகப் போய், மறுவாசல் வழியே லோரோங் ஹாலுஸ் பக்கம் வெளியேறலாம். காலை ஏழு முதல் மாலை ஏழு வரைதான் திறந்திருக்கும். உள்ளே குழாய்த் தண்ணீரும் விளக்கும் கிடையாது. கடற்கரையில் மணல் ஈக்கள் கடிக்கும், நீளக் காற்சட்டை அணிந்தால் அன்றிரவு சொறியாமல் தூங்கலாம்.

தடங்களில் நடந்துகொள்ளும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பகிர்வுப் பாதையில் மணிக்கு 25 கிலோமீட்டர், நடைபாதையில் 10 கிலோமீட்டர் என்பது சட்டம் விதிக்கும் உச்சவரம்பு. காட்டு வழியில் அதையும் தொட வேண்டியதில்லை. 12, 13 கிலோமீட்டர் வேகத்தில்தான் இருவாட்சியின் சிறகடிப்பு காதில் விழும். மணியைத் தூரத்திலேயே ஒருமுறை அடியுங்கள். முதுகுக்குப் பின்னால் வந்து அடித்தால் நடப்பவர் திடுக்கிட்டு நம் பக்கமே விலகுவார். பறவைகளைப் படம் பிடிக்க முக்காலி வைத்து நிற்பவரைக் கண்டால் இறங்கி நடந்து கடப்பது நல்லது. மெக்ரிட்சி போன்ற மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டின் நடைதடங்களில் சைக்கிள் அறவே கூடாது. காட்டுக்குள்தான் போக வேண்டுமென்றால், நடப்பவர்களுக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் தனித்தனித் தடம் உள்ள செஸ்ட்நட் இயற்கைப் பூங்கா இருக்கிறது.

தடம்வரை எப்படிப் போவது என்பதற்கு மடிப்புச் சைக்கிள் நல்ல விடை. மடித்தபின் 120 சென்டிமீட்டர் நீளம், 70 சென்டிமீட்டர் உயரம், 40 சென்டிமீட்டர் அகலத்துக்குள் அடங்கினால் எம்ஆர்டியிலும் பேருந்திலும் எந்த நேரத்திலும் ஏற்றலாம். பேருந்தில் ஒரு நேரத்தில் ஒன்றுக்குத்தான் இடம். ரயிலில் முதல் அல்லது கடைசிப் பெட்டியில் ஏறிக்கொள்ள வேண்டும். சேறு படிந்த சக்கரத்தைப் பழைய துணியால் மூடிக்கொண்டு ஏறினால் பக்கத்தில் அலுவலக உடையில் நிற்பவர் முகம் சுளிக்க மாட்டார்.

பையில் ஒன்றரை லிட்டர் தண்ணீர், ஒரு மாற்று ட்யூப், டயர் கழற்றும் நெம்புகோல்கள், சிறிய காற்றடிப்பான், மழைச் சட்டை ஆகியவை இருந்தால் போதும். ட்யூப் மாற்றும் வேலையை வீட்டிலேயே இரண்டு முறை செய்து பழகிக்கொள்ளுங்கள். கொசுக்கடியில், வியர்வை வழிய, காட்டு வழியில் அதை முதன்முறையாகக் கற்றுக்கொள்வது மிகவும் கொடுமையான அனுபவம்.

மழையில் நனைவது ஒன்றும் பெரிய விஷயமல்ல, மின்னல்தான் ஆபத்து. ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடிகாலையில் சுமத்ராவிலிருந்து திடீர்ப் புயல்மழை வருவதுண்டு. கிளம்புவதற்கு முன் வானிலைச் செயலியில் மழைமேகப் படத்தைப் பார்த்து, மேற்கே நிறத் திட்டுகள் நகர்ந்து வந்தால் ஒரு மணி நேரம் தாமதியுங்கள். வழியில் இடி கேட்டால் தனிமரத்தடியிலோ திறந்த புல்வெளியிலோ நிற்காமல் அருகிலுள்ள கட்டடத்துக்குப் போய்விட வேண்டும். கூரை மட்டும் போட்ட சிறு நிழற்குடை மின்னலுக்குப் பாதுகாப்பாகாது.

வீடு திரும்பியதும் களைப்பில் சைக்கிளை அப்படியே சாத்திவிடத் தோன்றும். இந்த ஊரின் ஈரப்பதத்தில் ஈரச் சங்கிலி ஓரிரு நாளில் துருப்பிடிக்கும், உபினிலிருந்து வந்ததென்றால் கடற்காற்றின் உப்பும் சேர்ந்துகொள்ளும். ஈரத் துணியால் மண்ணைத் துடைத்து, சங்கிலியைக் காயவைத்து, ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் பொது நடைவழியில் நிறுத்துவதானால் மற்றவர்கள் நடக்க 1.2 மீட்டர் இடைவெளி இருக்கிறதா என்று அளந்து பார்த்து, சுவரோடு ஒட்டி நிறுத்துங்கள்.