சின்ன ரொபோவுக்கு எந்த பற்றரி? எப்படிச் சார்ஜ் பண்ணுவது?

கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் மருமகன் இரண்டு சக்கர ரொபோ ஒன்றைப் பூட்டினான். கையில் தூக்கிப் பிடித்தால் சக்கரம் நன்றாகச் சுழன்றது. தரையில் விட்டதும் ஒரு துடிப்பு, போர்டு விளக்கு அணைந்து திரும்ப எரிந்தது, அவ்வளவுதான். "மாமா, புரோகிராம் பிழை போல" என்று இரண்டு நாளாக அதையே திருத்திக்கொண்டிருந்தான். புரோகிராமில் ஒரு பிழையும் இல்லை. ரொபோவின் அடியில் இருந்தது பெட்டி வடிவ 9 வோல்ட் பற்றரி.

புதிதாகத் தொடங்கும் பிள்ளைகளில் பலர் இந்த இடத்தில்தான் மனம் விட்டுப்போகிறார்கள். அதனால் பற்றரியிலிருந்தே தொடங்குவோம்.

முதலில், ரொபோ எவ்வளவு கேட்கிறது என்று பாருங்கள்

மஞ்சள் நிற கியர் மோட்டர் ஒன்று சும்மா ஓடும்போது ஏறக்குறைய 0.2 அம்பியர் எடுக்கும். புறப்படும் நொடியிலும், சக்கரம் தடைப்பட்டாலும் 1 அம்பியர் வரை இழுக்கும். இரண்டு மோட்டருக்கு 2 அம்பியர். பற்றரி தாங்க வேண்டியது இந்த இரண்டாவது கணக்கை.

9 வோல்ட் பற்றரியின் அகத்தடை, அதாவது பற்றரிக்குள்ளேயே இருக்கும் மின்தடை, 2 ஓம் அளவில் இருக்கும். உயர்தரத்தில் படிக்கும் அதே ஓமின் விதிதான்: 2 அம்பியரை 2 ஓமால் பெருக்கினால் 4 வோல்ட் பற்றரிக்குள்ளேயே போய்விடுகிறது. மிச்சம் 5. மோட்டருக்கு மின்னைத் திறந்து மூடும் எல்298என் மோட்டர் டிரைவர் இன்னும் 2 வோல்ட் அளவில் தின்னும். ரொபோவின் மூளையான ஆர்டுயினோ ஊனோ போர்டில் மின் உள்ளே போகும் வின் முனைக்கு 7 வோல்ட்டாவது வேண்டும். அது கிடைக்காததால் போர்டு ரீசெட் ஆகிறது. தூக்கிப் பிடித்தால் ஓடி, தரையில் நின்றதற்குக் காரணம் இதுதான்.

பற்றரியைத் தெரிவு செய்வது

பள்ளிப் பிள்ளைகளுக்கு என் முதல் தெரிவு, திரும்பச் சார்ஜ் பண்ணக்கூடிய ஏஏ அளவு நிக்கல் பற்றரி. ஒன்று 1.2 வோல்ட். நான்கு போட்டால் 4.8 தான், எல்298என் தின்றது போக மோட்டருக்கு 3 வோல்ட்டும் தேறாது. ஆறு போடுங்கள், 7.2 வோல்ட் வரும். 2000 மில்லியம்பியர்-மணி கொள்ளளவுள்ள பற்றரி என்றால், மோட்டரும் போர்டும் சேர்ந்து அரை அம்பியர் எடுக்கையில் கணக்குக்கு நான்கு மணித்தியாலம், மூன்றை எதிர்பாருங்கள். அதற்குரிய சார்ஜரிலேயே போடுங்கள். பழையதையும் புதியதையும் கலக்க வேண்டாம்.

அடுத்த படி 18650 லித்தியம். 18 மில்லிமீற்றர் தடிப்பு, 65 மில்லிமீற்றர் நீளம் என்பதே அந்தப் பெயர். ஒன்று 3.7 வோல்ட், இரண்டைத் தொடராக இணைத்தால் 7.4. நல்ல செல்லின் அகத்தடை ஓமில் இருபதில் ஒரு பங்கு கூட வராது, ஆகவே மோட்டர் இழுத்தாலும் அசையாது. ஆனால் உறையில் 9900 மில்லியம்பியர்-மணி என்று அச்சடித்ததை நம்பி வாங்காதீர்கள். இந்த அளவு செல்லில் 3500ஐத் தாண்டுவது அரிது. சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள், நல்ல செல் 45 கிராம் அளவில் நிற்கும். அளவு மீறினால் மின்னைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுற்று உள்ளதாகப் பார்த்து எடுங்கள். அது சில மில்லிமீற்றர் நீளம் கூட, ஹோல்டருக்குள் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும்.

மென்பை போன்ற லைபோ பற்றரியை இப்போதைக்கு விடுங்கள். அதற்குச் செல்களைச் சமப்படுத்தும் தனிச் சார்ஜர் வேண்டும்.

லித்தியத்தைச் சார்ஜ் பண்ணுவது

இங்கே அவசரம் வேண்டாம்.

முதலில் மல்டிமீட்டரால் ஒவ்வொரு செல்லையும் அளவுங்கள். 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதையும், வீங்கியதையும், உறை கிழிந்ததையும் சார்ஜ் பண்ணக் கூடாது.

அப்புறம் செல்களை ரொபோவிலிருந்து கழற்றி, ஒவ்வொன்றாகச் சார்ஜ் பண்ணுங்கள். டிபி4056 என்ற சின்ன மொடியூல் ஒரு செல்லுக்கானது: 1 அம்பியர் கொடுத்து 4.2 வோல்ட்டில் தானாக நிறுத்தும். 2000 மில்லியம்பியர்-மணி செல்லுக்கு இரண்டரை, மூன்று மணித்தியாலம் பிடிக்கும். நேர் முனை, மறை முனையை இரண்டு தரம் பாருங்கள். வீட்டில் கிடக்கும் 12 வோல்ட் அடப்டரை லித்தியம் செல்லில் நேரடியாகக் கொழுவவே கூடாது. அது 4.2இல் நிறுத்தாது, செல் தீப்பிடிக்கும்.

இடம்: சீமெந்துத் தரை அல்லது ஓடு. பாய், மெத்தை, திரைச்சீலைக்குப் பக்கத்தில் வேண்டாம். விழித்திருக்கும் நேரத்தில் மட்டும். நம் முற்றத்தில் மணலுக்கா பஞ்சம்? உலர்ந்த மணல் ஒரு வாளி பக்கத்தில் இருக்கட்டும். கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் தகரக் கூரைக்குக் கீழே நடுப்பகலில் சார்ஜ் பண்ணாதீர்கள். 45 பாகைக்கு மேல் லித்தியத்தைச் சார்ஜ் பண்ணக் கூடாது. ஓடிச் சூடேறிய செல்லையும் ஆறவிட்டுப் போடுங்கள்.

இரண்டு செல்லும் நிரம்பியதும் திரும்ப அளவுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் என்றால் அவற்றைச் சோடியாகப் போட வேண்டாம்.

கடைசியாக, ஓடும்போது அளவுங்கள்

சும்மா இருக்கும் பற்றரி நல்ல எண்ணைத்தான் காட்டும். மல்டிமீட்டரைப் பற்றரி முனைகளில் வைத்து, சக்கரத்தைக் கையால் ஒரு நொடி தடுத்துப் பாருங்கள். மருமகனின் 9 வோல்ட் பற்றரி அப்படிப் பார்த்தபோது 5க்குக் கீழே விழுந்தது. இரண்டு 18650 போட்டதும் 8இலேயே நின்றது. ஓட ஓட, இரண்டும் சேர்ந்து 6.4க்கு வந்தால் நிறுத்திச் சார்ஜ் பண்ணுங்கள்.

பரீட்சைக் காலத்தில் ரொபோவை ஒதுக்கி வைப்பதென்றால், செல்லை 3.8 வோல்ட் அளவில் விட்டு, கழற்றி, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் போடுங்கள். கடலோர உப்புக் காற்றில் ஹோல்டரின் ஸ்பிரிங் சீக்கிரம் துருப்பிடிக்கும். திரும்ப எடுக்கும்போது மெல்லிய மண்தாளால் ஒருமுறை உரசிவிடுங்கள்.