என்கோடஸ் கோரைப்பல்லை அடையாளம் காண்பது எப்படி

டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலக் கடல்களில் வாழ்ந்து அழிந்த என்கோடஸ் மீனின் பல் கிடைத்தால் எல்லோரும் முதலில் அதன் நுனியைத்தான் தடவிப் பார்க்கிறார்கள். நான் அடியைத்தான் முதலில் திருப்பிப் பார்ப்பேன். கூர்நுனி பல விலங்குகளுக்கும் உண்டு. எது யாருடைய பல் என்பதை அடிப்பகுதிதான் சொல்லும்.

சுறாப் பல்லுக்குத் தனியாக ஒரு வேர் இருக்கும், பெரும்பாலும் இரண்டாகக் கவடு விட்டது. என்கோடஸுக்கு அப்படி வேரே கிடையாது. மேலண்ண எலும்பின் முன்முனையில் பக்கத்துக்கு ஒன்றாகப் பெரிய கோரைப்பல், எலும்போடு எலும்பாக ஒட்டியே வளர்ந்திருக்கும். அதனால் பல்லின் அடியில் எலும்புக் கட்டி ஒன்று சேர்ந்தே வருவதுண்டு. அதை அழுக்கென்று நினைத்துச் சுரண்டிவிடாதீர்கள். தனிப் பல்லைவிட எலும்போடு வந்த பல்லுக்குத்தான் நான் அதிக மதிப்பு கொடுப்பேன். அது எந்த மீன் என்பதில் அப்புறம் சந்தேகமே வராது.

அடியே உடைந்து போயிருந்தால்? பல்லை விரல்களுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள். மொசசார் என்ற பழங்காலக் கடல் ஊர்வனவின் பல் தடித்த கூம்பு. ஸிஃபாக்டினஸ் மீனின் பல் கூம்பாக, உருண்டையாக இருக்கும். என்கோடஸ் பல் ஒல்லியாக, பக்கவாட்டில் தட்டையாக, ஓரத்தில் கூர்மையாக இருக்கும். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் அடிப்பக்கம் நெடுக்காக மெல்லிய கோடுகள் தெரியலாம். அளவை மட்டும் நம்ப வேண்டாம். அமெரிக்காவின் கான்சாஸ் சுண்ணப் பாறையில் கிடைக்கும் என்கோடஸ் பெட்ரோசஸ் என்ற பெரிய இனத்தின் கோரைப்பல் 6 செ.மீ.யைத் தாண்டும், சின்ன இனங்களின் பல்லோ மிகச் சிறியது.

மொராக்கோவின் பாஸ்பேட் படுகைகளிலிருந்து விற்பனைக்கு வரும் தாடைகளை வாங்குவதென்றால் நிதானம் வேண்டும். வேறு வேறு துண்டுகளைப் பசையும் மணலும் வைத்து ஒட்டியவை அவற்றில் கலந்திருக்கும். இருட்டில் புறஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். பல பசைகள் எலும்பிலிருந்து வேறுபட்டு ஒளிரும்.

சுத்தம் செய்ய மென்மையான பிரஷ்ஷும் தண்ணீரும் போதும். வினிகர் வேண்டவே வேண்டாம், பல்லின் மினுமினுப்பு போய்விடும். விரிசல் இருந்தால் முதலில் நன்றாகக் காயவிட்டு, அசிட்டோனில் நீர்க்கக் கரைத்த பாராலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசினை ஒரு சொட்டு விட்டால் உள்ளே இறங்கிப் பிடித்துக்கொள்ளும். சரி, பல்லை எடுத்த அன்றைக்கே இடம், பாறை அடுக்கு, தேதி மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிப் பல்லோடு வையுங்கள்.