எப்போதாவது ஓடும் ஜெனரேட்டருக்கு எப்போது ஒயில் மாற்றுவது?

2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை கரண்ட் போனதே, அந்தக் காலத்தில் வாங்கி இப்போது விறாந்தை மூலையில் சாக்கால் மூடிக் கிடக்கும் சின்னப் பெற்றோல் ஜெனரேட்டர் உங்களிடம் இருக்கிறதா? இது உங்களுக்குத்தான். "ஓடவே இல்லை, பிறகு எதற்கு ஒயில்?" என்று எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் கேட்கிறார்கள். ஓடாமல் கிடந்தாலும் ஒயில் கெடும்.

எஞ்சினுக்குள் பெற்றோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. அதில் கொஞ்சம் பிஸ்டனைத் தாண்டி ஒயிலுக்குள் இறங்கும். அரை மணிநேரம் ஓடினால் ஒயில் நன்றாகச் சூடேறி அந்த ஈரம் போய்விடும். ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு நிறுத்தினால் உள்ளேயே தங்கும், எரியாத பெற்றோலும் அதோடு சேரும். நாளாக நாளாக அமிலம் உண்டாகி உலோகத்தை அரிக்கும். மட்டக்களப்பில் கல்லடி, காத்தான்குடி மாதிரி ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் வாவியுமாக உள்ள இடங்களில் காற்றின் ஈரமும் உப்பும் வேறு.

பெரும்பாலான கையேடுகளில் உள்ள கணக்கு இது: புது எஞ்சினுக்கு முதல் 20 மணிநேரம் அல்லது ஒரு மாதம், பிறகு 100 மணிநேரம் அல்லது 6 மாதம். எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. நம்மைப் போன்றவர்களுக்கு 100 மணிநேரம் வரவே வராது, நாட்காட்டிதான் வரும். உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால் 6 மாதத்தை மீறாதீர்கள். அது முடிந்து, வருடத்தில் சில மணிநேரம்தான் ஓடுகிறது என்றால், வருடம் ஒருமுறை கட்டாயம் மாற்றுங்கள். என் தெரிவு புரட்டாதி மாதம். மாரி தொடங்கி மழையும் வெள்ளமும் வரும்போது எஞ்சினுக்குள் புது ஒயில் இருக்க வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம். எஞ்சினை வெளி முற்றத்தில் வைத்து ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். சூடான ஒயில் அழுக்கையும் சேர்த்துக்கொண்டு வடியும். நிறுத்தி, பெற்றோல் குழாயைப் பூட்டி, ஸ்பார்க் பிளக் மூடியைக் கழற்றிவிடுங்கள். கை சுடாத அளவுக்கு ஆறியதும் கீழே ஒரு தட்டை வைத்து, ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்துவிட்டு, அடியில் உள்ள வடிகால் போல்ட்டைக் கழற்றுங்கள். இதற்கு அளவான ரிங் ஸ்பனர்தான் வேண்டும். அட்ஜஸ்டபிள் ஸ்பனர் போல்ட்டின் தலையைத் தேய்த்துவிடும், அதை இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம். திரும்பப் பூட்டும்போது புது வாஷர் போட்டு, முதலில் விரலால் திருகுங்கள். எஞ்சின் உடம்பு அலுமினியம், பலமாக முறுக்கினால் மரை போய்விடும்.

ஒயில் 10டபிள்யூ-30 (போத்தலில் 10W-30 என்று இருக்கும்), நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கானது. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான 2டி ஒயில் கூடவே கூடாது. இரண்டு மூன்று கிலோவாட் எஞ்சின்களுக்குச் சுமார் 0.6 லீற்றர் போதும், ஒரு லீற்றர் போத்தலை அப்படியே கவிழ்த்துவிடாதீர்கள்.

அளவு பார்ப்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். முதலில், எஞ்சின் மட்டமான தரையில் நிற்க வேண்டும். நம் முற்றத்து மணலில் ஒரு கால் புதைந்தாலும் அளவு பிழைக்கும், ஒரு பலகையைப் போடுங்கள். அடுத்து, ஒயில் மூடியோடு சேர்ந்திருக்கும் அளவுக்கோலைத் துடைத்து உள்ளே விடும்போது பல மாடல்களில் அதைத் திருகக் கூடாது, சும்மா வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் கோல் இன்னும் ஆழமாக இறங்கி, குறைந்த ஒயிலையும் நிறைவாகக் காட்டும். சில மாடல்களில் திருகித்தான் பார்க்க வேண்டும், ஆகவே கையேட்டின் அந்தப் பக்கத்தை மட்டுமாவது படியுங்கள். குறைந்தால் என்ன ஆகும்? ஒயில் குறைவை உணரும் சென்சர் உள்ள எஞ்சின், எத்தனை முறை கயிறு இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகாது. ஆட்கள் பிளக்கை மாற்றுவார்கள், காபரேற்றரைக் கழற்றுவார்கள். முதலில் ஒயிலைப் பாருங்கள். கூடினாலும் கெடுதல்தான்: வெள்ளைப் புகை வரும், எயார் ஃபில்ட்டர் ஒயிலில் நனையும்.

இரண்டு நிமிடம் ஓட்டி நிறுத்தி, கொஞ்ச நேரம் கழித்து அளவை மறுபடி பாருங்கள். அப்புறம் மாதம் ஒருமுறை மின்விசிறி, பல்ப், ஃப்ரிட்ஜ் என்று சுமை கொடுத்து அரை மணிநேரம் ஓட்டுங்கள். வீட்டுக்குள்ளோ, மூடிய விறாந்தையிலோ, திறந்த ஜன்னல் அருகிலோ வேண்டாம். புகையில் வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமே இல்லை, உறக்கத்திலேயே ஆளைக் கொல்லும்.

கழித்த ஒயிலை வளவில் ஊற்றாதீர்கள். கரையோர மணலில் அது கீழே இறங்கும், கிணற்று நீரோ அதிக ஆழத்தில் இல்லை. போத்தலில் அடைத்து வாகனக் கராஜில் கொடுங்கள்.

பின்சேர்க்கை: வாழைச்சேனையிலிருந்து ஒருவர், வெள்ளத்தில் நின்ற ஜெனரேட்டரின் ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் இருப்பதாக எழுதியிருக்கிறார். உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. கயிற்றை இழுக்கவே வேண்டாம். பிளக்கைக் கழற்றி சிலிண்டரில் தண்ணீர் இருக்கிறதா பாருங்கள், பெற்றோல் தாங்கியையும் காபரேற்றரையும் வடித்துவிடுங்கள், ஒயிலை மாற்றுங்கள். மின்சாரப் பகுதியை மின் வேலை தெரிந்தவர் உலர்த்திச் சோதித்த பிறகே ஓட்டலாம். சில நிமிடம் ஓட்டியதும் அந்தப் புது ஒயிலையும் வடித்துவிட்டு மறுபடி நிரப்புங்கள்.