குடிபோதை டிரைவிங் தண்டனைக் கணக்கு: படிக்கும்போது பண்ணக்கூடாத தப்புகள்

குடிச்சிட்டு வண்டி ஓட்டி தண்டனை வாங்குனவங்க எண்ணிக்கை கொறஞ்சிருக்குன்னு நியூஸ் வந்தா ஜனங்க திருந்திட்டாங்கன்னு ஷேர் பண்றோம், கூடிருச்சுன்னா எல்லாம் கெட்டுப்போச்சுன்னு பொலம்புறோம். ரெண்டுமே அவசரம். எத்தன பேரு குடிச்சிட்டு ஓட்டுனாங்கன்னு அந்த நம்பர் சொல்லாது, எத்தன பேரு மாட்டி, கேஸாகி, கோர்ட்ல குற்றம்னு முடிவாச்சுங்கறத மட்டும்தான் சொல்லும். ராத்திரி செக்கிங்குக்கு நிக்கற போலீஸ பாதியா கொறச்சா போதும், நம்பர் தானா எறங்கிரும், ரோட்டுல ஆபத்து அப்படியேதான் இருக்கும். 2020ல கோவிட் நேரத்துல பல நாட்டுல ஊதச் சொல்ற செக்கிங்கே கொறஞ்சுபோச்சு, கோர்ட்டும் ஒழுங்கா நடக்கல, அந்த வருஷத்த எடுத்து வச்சு ட்ரெண்ட் பேசாதீங்க.

சட்டம் மாறுன வருஷத்த கவனிக்காம விடுறது இதவிட பெரிய தப்பு. நியூசிலாந்துல 2014 டிசம்பர் 1ல இருந்து 20 வயசும் அதுக்கு மேலயும் உள்ளவங்களுக்கு மூச்சுல லிட்டருக்கு 400 மைக்ரோகிராம் ஆல்கஹால்னு இருந்த அளவ 250ஆ கொறச்சாங்க, அப்போ தண்டனை எகிறியிருக்கணுமேன்னு தோணும், ஆனா 251லேந்து 400 வரைக்கும் மாட்டுறவங்களுக்கு 200 டாலர் ஃபைனும் 50 டிமெரிட் பாயிண்டும்தான் (லைசென்ஸ்ல ஏறுற தப்பு மார்க்), கிரிமினல் கேஸ் கெடையாது, அதனால தண்டனைக் கணக்குல அவங்க வரவே மாட்டாங்க. ஜெர்மனிலயும் ரத்தத்துல ஆல்கஹால் ஆயிரத்துல 0.5 பங்குலேந்து 1.1க்குள்ள இருந்து, வண்டி தாறுமாறா போகலைன்னா, அது கிரிமினல் குற்றம் இல்ல.

இதனாலதான் நாட்டுக்கு நாடு ஒப்பிடுறது எனக்கு சுத்தமா பிடிக்காது. 100 மில்லி ரத்தத்துல இருக்கலாம்னு விடுற ஆல்கஹால் இங்கிலாந்துல 80 மில்லிகிராம், 2014லேந்து ஸ்காட்லாந்துல 50, இந்தியால 30. அதே ஆளு, அதே அளவு சரக்கு, ஒரு எடத்துல குற்றவாளி, இன்னொரு எடத்துல வீட்டுக்குப் போயிடுவாரு.

போதைப்பொருள் கேஸ்ல இன்னும் சிக்கல். இங்கிலாந்து, வேல்ஸ்ல 2015 மார்ச் 2க்கு முன்னாடி, போதையால ஓட்டுற திறமையே கெட்டுப்போச்சுன்னு நிரூபிக்கணும், அதுக்கப்புறம் ரத்தத்துல குறிப்பிட்ட அளவு தாண்டுனாலே குற்றம்னு தனிப்பிரிவு வந்துச்சு. அதுக்கப்புறம் கேஸ் கூடுனத பாத்து போதை ஓட்டுறவங்க திடீர்னு பெருகிட்டாங்கன்னு சொல்றது நியாயமே இல்ல, முன்னாடி நிரூபிக்கறது கஷ்டம், இப்போ சுலபம். அதோட ரத்தத்துல இருந்துச்சுங்கறது வேற, ஓட்டும்போது போதையில இருந்தாருங்கறது வேற, அடிக்கடி கஞ்சா அடிக்கறவங்க ரத்தத்துல அது நாள் கணக்குல தங்கும்.

இப்போ ஒரே ஒரு கேஸ எடுத்துக்கோங்க. ஒருத்தர மடக்குறாங்க, லைசென்ஸ் ஏற்கனவே ரத்து, ஊத மாட்டேன்னு அடம்பிடிக்கறாரு, வாயில ஸ்வாப் (எச்சில் எடுக்கற பஞ்சுக்குச்சி) வச்சு எடுத்தா கோக்கைன். குற்றச்சாட்ட எண்ணுற அட்டவணைல இது மூணு, ஆள எண்ணுற அட்டவணைல ஒண்ணு, அந்த ஒண்ணும் எது பெரிய குற்றமோ அதுக்கு நேராதான் விழும். ஊத மறுத்தது பல நாட்டுல தனிக் குற்றம், குடிபோதை வரிசைல மட்டும் தேடுனா அகப்படாம போகலாம். ரெண்டு அட்டவணையையும் கலந்து பேசுறதுதான் நான் அடிக்கடி பாக்குற தப்பு, தயவுசெஞ்சு தலைப்புல "ஆட்கள்"னு இருக்கா "குற்றச்சாட்டுகள்"னு இருக்கான்னு பாருங்க.

கோர்ட்டுக்குப் போனதுல இத்தன சதவீதம் தண்டனைன்னு போடுறதும் ஏமாத்தும். மெஷின் ரிசல்ட் கையில இருக்கறதால நெறைய பேரு ஒத்துக்கறாங்க, சதவீதம் ஒசந்துதான் இருக்கும், ஆனா மாட்டாமலே போனவங்க அதுல எங்க?

அதனால தண்டனை எண்ணிக்கை பக்கத்துல அந்த வருஷம் எத்தன பேர ஊத வச்சாங்க, விபத்துல செத்த டிரைவர்கள்ல எத்தன பேரு ரத்தத்துல அளவு தாண்டியிருந்துச்சு, இந்த ரெண்டையும் வச்சுப் பாருங்க. வருஷம்னு போட்டிருக்கறது குற்றம் நடந்த வருஷமா, தீர்ப்பு வந்த வருஷமான்னும் அட்டவணைக்குக் கீழ பொடி எழுத்துல இருக்கும், லேப் ரிசல்ட்டுக்காக காத்துக்கெடக்கற போதைப்பொருள் கேஸ்ல ரெண்டுக்கும் நடுவுல பல மாசம் ஓடிரும்.